குளிர்காலத்துல பூச்செடிங்க காஞ்சு போகுது, பனியும் கொட்டல மழையும் இல்ல, தண்ணி ஊத்தலாமா கூடாதா?

பூந்தளிர்:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு முன்னாடி சின்னதா ஒரு பூந்தோட்டம் வச்சு ரெண்டு வருஷம் ஆகுது. நாலு ரோஜா, ரெண்டு ஹைட்ரேஞ்சியா, ஓரமா ஒரு வரிசை லாவெண்டர், சுவரை ஒட்டி வருஷம் முழுக்க இலை இருக்கிற பாக்ஸ்வுட் புதர் மூணு, நடுவுல துலிப் டேஃபடில் கிழங்கெல்லாம் புதைச்சிருக்கேன். இங்க குளிர்காலம்னா ராத்திரி மைனஸ் 15 வரைக்கும் இறங்கும், ஆனா ஸ்னோ ரொம்பக் கம்மி, வந்தாலும் ரெண்டு நாள்ல காணாம போயிடும், வானம் தெளிவா இருக்கும், பகல்ல வெயில் சுள்ளுனு அடிக்கும், காத்து மட்டும் விடாம வீசிக்கிட்டே இருக்கும், கை உதடெல்லாம் வெடிச்சுப் போற அளவுக்கு ஒரு வறட்சி.

போன குளிர்காலத்துல நடந்ததைச் சொல்லிடறேன். முதல் உறைபனி விழுந்ததும் செடியெல்லாம் தூங்கப் போயிடும், இனி தண்ணி தேவையில்லைன்னு நினைச்சு அஞ்சு மாசம் ஒரு சொட்டு கூட ஊத்தல. ரோஜாவுக்குக் குளிருமேன்னு பிளாஸ்டிக் ஷீட்டைச் சுத்தி நல்லா இறுக்கிக் கட்டி வச்சேன். வசந்தம் வந்து பிரிச்சுப் பார்த்தா ரெண்டு ரோஜா தூர் வரைக்கும் கருப்பு. ஒவ்வொரு கொப்பா ஒடிச்சுப் பார்த்தேன், படக் படக்னு ஒடியுது, உள்ள ஈரமே இல்ல. மூணாவது ரோஜா துளிர்த்துச்சு ஆனா நான் வச்ச மஞ்சள் ரோஜா வரல, ஏதோ கருஞ்சிவப்புல சின்னச் சின்னப் பூவா பூத்துது. ஹைட்ரேஞ்சியா ரெண்டும் தழையத் தழைய இலை விட்டுச்சு, கோடை முழுக்க ஒரு பூ கூட வைக்கல. பாக்ஸ்வுட்ல காத்தடிக்கிற பக்கம் மட்டும் சருகு நிறத்துக்குப் போயிடுச்சு, மறுபக்கம் பச்சையா இருக்கு, பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு.

செத்த ரோஜா ரெண்டுக்கும் பதிலா இந்த வருஷம் புதுசா ரெண்டு கன்னு வச்சிருக்கேன், அதையும் பறிகொடுக்க மனசு வரல. இப்போ உறைபனி ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆச்சு. தண்ணி ஊத்தினா வேர் உறைஞ்சு செத்துடும்னு சிலர் சொல்றாங்க, ஊத்தணும்னு சிலர் சொல்றாங்க. எதை மூடணும், எதால மூடணும், எப்போ மூடணும்? அப்புறம் தொட்டில இருக்கிற குண்டுமல்லியை உள்ள கொண்டு வந்து வச்சேன், அது தினமும் பத்து இலை உதிர்க்குது, அதுக்கும் யாராவது வழி சொல்லுங்க.

வேர்க்கால்:

வணக்கம்ங்க. நீங்க சொன்னதை வச்சுப் பார்த்தா உங்க செடிங்க குளிர்ல சாகல, தாகத்துல செத்திருக்கு. நானும் இதே மாதிரி வறண்ட குளிர் இருக்கிற இடத்துலதான் பன்னெண்டு வருஷமா தோட்டம் போடறேன், முதல் மூணு வருஷம் இதே தப்பைத்தான் பண்ணேன்.

உள்ள என்ன நடக்குதுன்னா, இலை கொட்டாத செடி குளிர்காலத்துலயும் இலை வழியா ஈரத்தை விட்டுக்கிட்டேதான் இருக்கும். வெயிலும் வறண்ட காத்தும் சேர்ந்து அதை உறிஞ்சுது. கீழ மண்ணு உறைஞ்சு கிடந்தா, இல்ல காஞ்சு கிடந்தா, வேரால ஒண்ணும் எடுத்து மேல அனுப்ப முடியாது. செலவு இருக்கு, வரவு இல்ல. உங்க பாக்ஸ்வுட் காத்தடிக்கிற பக்கம் மட்டும் கருகினதுக்குக் காரணம் இதுதான், வெறும் குளிரா இருந்தா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போயிருக்கும். இலை கொட்டின ரோஜாக் கொப்பும் பட்டை வழியா கொஞ்சம் கொஞ்சமா காயும், என்ன, அது நம்ம கண்ணுக்குத் தெரியாது, வசந்தத்துலதான் தெரியவரும்.

இன்னொண்ணு, நிறைய பேர் யோசிக்காதது. காஞ்ச மண்ணு சீக்கிரமா குளிர்ந்து போகும், உறையறதும் ஆழமா உறையும். ஈரமான மண்ணு பகல் சூட்டைப் பிடிச்சு வச்சுக்கிட்டு மெதுவாத்தான் விடும். அதனால தண்ணி ஊத்தினா வேர் உறைஞ்சிடும்ங்கிறது தலைகீழ், அளவா ஈரம் இருந்தாத்தான் வேருக்குப் பாதுகாப்பு.

எப்போ ஊத்தறதுங்கிறதுதான் முக்கியம். மூணு நாலு வாரமா மழையும் இல்ல ஸ்னோவும் இல்லன்னா, பகல்ல 5 டிகிரிக்கு மேல போற ஒரு நாளாப் பார்த்து, தரை உறையாம இருக்கும்போது, உச்சி வேளையில ஊத்துங்க. சாயங்காலம் வேண்டாம், ராத்திரி உறையறதுக்குள்ள தண்ணி கீழ இறங்கிடணும். அளவுன்னு கேட்டா, மூணு அடிக்குக் கீழ உள்ள புதர்ச்செடிக்கு மாசத்துக்கு ஒரு 18, 20 லிட்டர் போதும், பெரிய புதருக்கு அதை விட ஜாஸ்தி வேணும். இந்த வருஷம் நட்ட கன்னுக்கு முதல் கவனிப்பு, அதுக்கு வேர் இன்னும் அக்கம்பக்க மண்ணுக்குள்ள ஓடியிருக்காது, நட்ட குழியில இருக்கிறதை மட்டும்தான் குடிக்கும். உங்க ரெண்டு புது ரோஜாவையும் மாசத்துக்கு ரெண்டு தடவை பாருங்க.

ஊத்தலாமா வேண்டாமான்னு சந்தேகமா இருந்தா நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு எடுத்து மண்ணுல குத்திப் பாருங்க. ஈரமா இருந்தா சர்ருனு இறங்கும். ரெண்டு இஞ்ச்லயே நின்னுட்டா ஒண்ணு காஞ்சிருக்கு, இல்ல உறைஞ்சிருக்கு. உறைஞ்சிருந்தா விட்டுடுங்க, மத்தியானம் மறுபடி குத்திப் பாருங்க.

அப்புறம் ஸ்னோ வந்துச்சே, அந்த ஈரம் இருக்குமேன்னு நம்பிடாதீங்க. பத்து சென்டிமீட்டர் ஸ்னோ உருகினா சுமாரா ஒரு சென்டிமீட்டர் தண்ணிதான், வறண்ட குளிர்ல விழற மாவு மாதிரி ஸ்னோவுல அது கூட இருக்காது. வெயிலும் காத்தும் ஜாஸ்தியா இருந்தா அதுலயும் ஒரு பங்கு உருகாமலே நேரா ஆவியாப் போயிடும். ரெண்டு நாள்ல காணாம போச்சுன்னு நீங்களே சொல்றீங்களே, அதுல கொஞ்சம் மண்ணுக்குப் போகல, வானத்துக்குத்தான் போச்சு.

மண்புழு:

வேர்க்கால் சொல்றது பெரும்பாலும் சரி, ஆனா ஒரு எச்சரிக்கை சொல்லணும், ஏன்னா நான் தண்ணி ஊத்தித்தான் செடியைக் கொன்னேன். எங்க வீட்டு மண்ணு பிசுபிசுன்னு களிமண்ணு, தோட்டத்துல ஒரு மூலை பள்ளமா இருக்கும். அங்க லாவெண்டர் வச்சிருந்தேன், யாரோ குளிர்காலத்துலயும் தண்ணி ஊத்துன்னு சொன்னாங்கன்னு வாரா வாரம் ஊத்தினேன். தண்ணி கீழ இறங்கவே இல்ல, தூரைச் சுத்தித் தேங்கி ராத்திரி ஐஸ் ஆயிடுச்சு, பகல்ல இளகும், மறுபடி ராத்திரி ஐஸ். வசந்தத்துல பிடிச்சு இழுத்தா ஆறு செடியும் அப்படியே கையோட வந்துடுச்சு, தூர் மட்டும் கூழா அழுகியிருந்துச்சு.

அதனால தண்ணி தப்பில்ல, தேங்கறதுதான் தப்பு. செடி தூருல நேரா ஊத்தாதீங்க, கொப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கோ அந்த வட்டத்துல, வேர் நுனி இருக்கிற இடத்துல, பூவாளி வச்சு மெதுவா ஊத்துங்க, ஊறட்டும், திரும்ப ஊத்துங்க. லாவெண்டருக்கு ரொம்பக் கொஞ்சம் போதும், வேர் பிடிச்ச செடின்னா மழை ஸ்னோ ரெண்டுமே இல்லாத மாசத்துல ஒரே ஒரு தடவை, அவ்வளவுதான். அதை இப்போ கவாத்து பண்ணவும் கூடாது, வெட்டின இடத்துல குளிர் ஏறிடும், வசந்தத்துல புதுத் துளிர் தெரிஞ்சதும் வெட்டலாம்.

ரோஜாமுள்:

உங்க ரோஜாவுக்காக மட்டும் எழுதறேன்ங்க, படிச்சதும் மனசு கேக்கல.

முதல்ல அந்த கருஞ்சிவப்புப் பூ. உங்க மஞ்சள் ரோஜா ஒட்டுச்செடி. மேல மஞ்சள் ரகம், கீழ வேர் வேற ரகம். ஒட்டுக்கு மேல இருந்ததெல்லாம் செத்துடுச்சு, அடிவேர்ல இருந்து கிளம்பினது பூத்திருக்கு. டாக்டர் ஹ்யூயின்னு ஒரு கருஞ்சிவப்பு ரகம் உண்டு, அதை ஒட்டுக்கட்ட அடிவேரா நிறைய இடத்துல பயன்படுத்தறாங்க, உங்களுதும் அதுவா இருக்கலாம். மஞ்சள் இனி அதுல திரும்பி வராது. அதை வச்சுக்கிறதும் எடுக்கிறதும் உங்க இஷ்டம், வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும், அழகாத்தான் இருக்கும்.

பிளாஸ்டிக்கைத் தயவுசெஞ்சு இனி கட்டாதீங்க. வெயில் சுள்ளுனு அடிக்குதுன்னு சொன்னீங்க, பகல்ல அந்த பிளாஸ்டிக்குக்குள்ள கொதிக்கும், செடி வசந்தம் வந்துடுச்சுன்னு நினைச்சு மொட்டு கிளப்பும், ராத்திரி மைனஸ் 15ல அந்த இளசு அத்தனையும் போயிடும். ஈரம் வேற உள்ள வேர்த்து பூஞ்சை பிடிக்கும். மூடறதுன்னா சணல் சாக்கு, இல்ல காத்து போற துணி.

ரோஜாவுல நாம காப்பாத்த வேண்டியது கொப்பை இல்ல, ஒட்டைத்தான். தூருல முண்டு மாதிரி ஒண்ணு பருத்திருக்கும், தடவிப் பார்த்தா கைக்குத் தெரியும், அதுதான். ராத்திரி நல்லா உறைய ஆரம்பிச்சு செடி முழுசா அடங்கினதுக்கு அப்புறம், அந்த முண்டு மறையற மாதிரி மண்ணோ மக்கின உரமோ கூம்பா ஒரு 25, 30 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குமிச்சு வைங்க. மண்ணை வேற இடத்துல இருந்து எடுத்துட்டு வாங்க, அதே செடியைச் சுத்திச் சுரண்டி எடுத்தா வேர் வெளிய தெரிஞ்சிடும், அது இன்னும் மோசம். குமிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லா தண்ணி ஊத்திடுங்க. உயரமான கொப்பு காத்துல ஆடி வேரை அசைக்கும்னா இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிடுங்க, அதுக்கு மேல இப்போ வேண்டாம். முழுக் கவாத்து வசந்தத்துல, மொட்டு வீங்கறப்போ. அப்போ கொப்பைக் குறுக்க வெட்டினா உள்ள வெள்ளையா பச்சையா தெரியற வரைக்கும் வெட்டிக்கிட்டே கீழ வரலாம், பழுப்பா இருந்தா அது செத்த கட்டை.

அடுத்த வருஷத்துக்கு ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. முதல் உறைபனிக்கு ஆறு வாரம் முன்னாடியே உரம் போடறதை நிறுத்திடுங்க, வாடின பூவையும் கிள்ளாம விட்டுடுங்க. காய் பிடிச்சு பழுக்கும், செடிக்கு சீசன் முடிஞ்சுதுன்னு தெரியும், கொப்பு முத்தி இறுகும். இளங்கொப்போட குளிர்காலத்துக்குள்ள போற ரோஜாதான் முதல்ல சாகுது. புதுசா வாங்கறப்போ ஒட்டு இல்லாம சொந்த வேர்ல வளர்ந்த ரோஜா கிடைச்சா வாங்குங்க, மேல எல்லாமே செத்தாலும் கீழ இருந்து அதே பூதான் வரும்.

வேர்க்கால்:

ரோஜாமுள் அருமையா எழுதிட்டாங்க. மூடாக்கைப் பத்தி, அதான் மண்ணு மேல சருகு மாதிரி எதையாவது பரப்பி மூடறதைப் பத்தி, நான் சொல்ல விட்டுட்டேன்.

மூடாக்கு செடிக்குச் சூடு குடுக்கறதுக்குன்னு நினைக்கிறோம், அது இல்ல. மண்ணை ஒரே குளிர்ல வச்சிருக்கத்தான் அது. உங்க இடத்துல பகல்ல வெயில்ல மேல்மண்ணு இளகும், ராத்திரி உறையும், இப்படி மாத்தி மாத்தி நடந்தா மண்ணு ஊதி ஊதி அடங்கும், அது வேரோட செடியை மேல தள்ளிடும். போன வருஷம் நான் இலையுதிர்காலத்துல நட்ட ஹியூக்கேரா ஒண்ணை ஒரு நாள் காலையில பார்க்கறேன், பல்லு ஆடி வெளிய வந்த மாதிரி வேர்க்கட்டியோட தரைக்கு மேல ரெண்டு இஞ்ச் எழும்பி நிக்குது, வேரெல்லாம் காத்துல. உடனே பார்த்ததால மெதுவா அழுத்திவிட்டு மண்ணு அணைச்சு மேல சருகு போட்டேன், பிழைச்சுக்குச்சு. ஒரு வாரம் கழிச்சுப் பார்த்திருந்தா காஞ்சிருக்கும். இதுக்குத்தான் தரை உறைஞ்சதுக்கு அப்புறம் மூடாக்கு போடச் சொல்றது. 5 முதல் 10 சென்டிமீட்டர் கனம், சருகு, மரப்பட்டை, வைக்கோல், எதுவா இருந்தாலும் சரி. பெரிய இலையை அப்படியே போட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அப்பளமா அமுங்கிடும், தண்ணியும் இறங்காது, நொறுக்கிப் போடுங்க. தண்டை ஒட்டிப் போடாதீங்க, ஒரு கையகலம் இடம் விடுங்க, இல்லைன்னா எலி அதுக்குள்ள குடியேறி பட்டையைக் கடிக்கும். காத்து தூக்கிட்டுப் போகும்னா மேல நாலு காஞ்ச குச்சியைக் குறுக்க போட்டு வைங்க.

பாக்ஸ்வுட்டுக்கு இன்னொரு வேலை இருக்கு. காத்து வர்ற பக்கமா மூணு குச்சி நட்டு சணல் சாக்கைத் திரை மாதிரி கட்டுங்க, செடியைத் தொடாம கொஞ்சம் தள்ளி. பலகை வச்சு அடைக்காதீங்க, காத்து அதுல மோதி மேல ஏறி அந்தப்பக்கம் சுழிச்சுக்கிட்டு இறங்கும். சாக்குத்துணி மாதிரி ஓட்டை ஓட்டையா இருந்தாத்தான் வேகம் குறையும்.

ஹைட்ரேஞ்சியா பூக்காததுக்கும் இதே கதைதான். பெரிய இலை ஹைட்ரேஞ்சியான்னா அது அடுத்த வருஷப் பூமொட்டை இந்த வருஷக் கொப்புலயே வச்சிடும், அந்தக் கொப்பு காஞ்சா இலை வரும், பூ வராது. இப்போ கொப்பை வெட்டாதீங்க. சுத்தி கம்பி வலையை வட்டமா நிறுத்தி உள்ள சருகைக் கொட்டி நிரப்புங்க, மேல் மொட்டு மறையற வரைக்கும். கூம்பு கூம்பா பூக்கிற பானிக்கிள் வகைன்னா இந்தக் கவலையே இல்ல, அது புதுக் கொப்புல பூக்கும், வறண்ட குளிருக்கு அதுதான் தோது.

செடி வாங்கறப்போ லேபிள்ல ஹார்டினெஸ் சோன்னு ஒரு நம்பர் போட்டிருக்கும் பாருங்க, அது ஒரு இடத்துல வருஷத்துக்கு ஒரு தடவை தொடற அடிமட்டக் குளிரோட சராசரியை வச்சு போட்டது. காத்தும் வறட்சியும் அதுல வராது. நம்பர் பொருந்துதுன்னு வாங்கி நட்ட செடி நம்ம கையில சாகறதுக்கு அதுவும் ஒரு காரணம். தொட்டிச்செடின்னா நாலா பக்கமும் குளிர் அடிக்கும், அதனால உங்க இடத்தை விட ரெண்டு சோன் கூடுதலா குளிர் தாங்கற செடியா வைங்க, இல்லைன்னா தொட்டியோட மண்ணுக்குள்ள புதைச்சிடுங்க.

நிலாமுற்றம்:

குண்டுமல்லி கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே, நான் சொல்றேன்மா. எங்கிட்ட மல்லி ஒண்ணு ஒம்பது குளிர்காலத்தை வீட்டுக்குள்ளயே கழிச்சிருக்கு.

இலை உதிர்றதுக்காகப் பதறாத. வெளிய இருந்த வெளிச்சத்துல பத்துல ஒரு பங்கு கூட ஜன்னலோரத்துல கிடைக்காது, அதனால தாங்க முடியாத இலையைச் செடியே கழிச்சுக்கும். கொப்பை நகத்தால லேசா கீறிப் பாரு, பட்டைக்கு அடியில பச்சை தெரிஞ்சா உயிரோட இருக்கு. வீட்டுல இருக்கிறதுலயே வெளிச்சமான ஜன்னல் பக்கம் வை, ஆனா இலை கண்ணாடியைத் தொடக்கூடாது, ராத்திரி கண்ணாடி ஐஸ் மாதிரி ஆகும், தொட்ட இலை கருத்துடும். ஹீட்டர் காத்து நேரா அடிக்கிற இடமும் வேண்டாம்.

நிறைய பேர் இலை கொட்டுதேன்னு தண்ணியை ஜாஸ்தி பண்ணிடுவாங்க, மல்லி சாகறது பெரும்பாலும் அதுலதான். இலை கம்மியா இருக்கு, வளர்ச்சி இல்ல, அது குடிக்கிறதும் கம்மி. மேல் மண்ணுல ரெண்டு விரல்கணு ஆழம் காஞ்சதுக்கு அப்புறம் ஊத்து, தட்டுல தேங்கினதைக் கொட்டிடு. உரம் வசந்தம் வரைக்கும் வேண்டாம்.

இப்போ உடனே ஒண்ணு பண்ணு. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாரு. பொடிப்பொடியா வெளிறின புள்ளி இருக்கா, கணுச்சந்துல மெல்லிசா நூலாம்படை மாதிரி இருக்கா? ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கீழ பிடிச்சு கொப்பைத் தட்டிப் பாரு, விழுந்த தூசி நகர்ந்துச்சுன்னா அது சிலந்திப்பேன். ஹீட்டர் ஓடற வீட்டுல காத்து அவ்வளவு வறண்டு கிடக்கும், அதுக்கு அது கொண்டாட்டம். பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போய் தொட்டி மண்ணைப் பையால மூடிட்டு வெதுவெதுப்பான தண்ணியை ஷவர்ல இலைக்கு அடியில படற மாதிரி அடி, வாரம் ஒரு தடவை, ஒரு மாசத்துக்கு. ஸ்ப்ரே பாட்டில்ல புகை மாதிரி தெளிக்கிறது பத்து நிமிஷத்துல காஞ்சிடும், அதுனால பெருசா பலன் இல்ல. நாலஞ்சு செடியைச் சேர்த்து வச்சா அதுங்களுக்குள்ள கொஞ்சம் ஈரம் இருக்கும்.

டேலியா வச்சிருக்கீங்களா யாராவது? போன வருஷம் என் கிழங்கெல்லாம் சுக்கா காஞ்சிடுச்சு. எடுத்து கழுவி காய வச்சு அட்டைப்பெட்டியில காகிதம் சுத்தி வச்சிருந்தேன், எல்லாரும் சொல்ற மாதிரிதான் வச்சேன்.

மண்புழு:

நிலாமுற்றம் அக்கா, அந்த முறை ஈரமான ஊருக்குச் சரி. நம்ம மாதிரி வறண்ட இடத்துல காகிதமும் அட்டையும் கிழங்குல இருக்கிற தண்ணியை உறிஞ்சிடும். வெர்மிகுலைட்ல (ஈரம் பிடிச்சு வைக்கிற லேசான கனிமத் துகள்) லேசா ஈரம் காட்டி, கையில பிழிஞ்சா சொட்டாத அளவுக்கு, அதுக்குள்ள புதைச்சு மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவுல வைங்க, மூடியை இறுக்காம. 4 முதல் 10 டிகிரிக்குள்ள இருக்கிற இருட்டு இடம் வேணும், உறையக் கூடாது. மாசம் ஒரு தடவை திறந்து தொட்டுப் பாருங்க. தோல் சுருங்கியிருந்தா கொஞ்சம் தண்ணி தெளிங்க, மெத்துன்னு அழுகின துண்டு இருந்தா நல்ல சதை தெரியற வரைக்கும் வெட்டி எறிஞ்சிடுங்க. கிளாடியோலஸ் கிழங்குக்கு மட்டும் இது வேண்டாம், அதை நல்லா உலர்த்தி காத்தாட வலைப்பையிலதான் போடணும்.

பூந்தளிர்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நேத்து மத்தியானம் 8 டிகிரி இருந்துச்சு, ஸ்க்ரூடிரைவரை எடுத்துட்டுப் போய் குத்தினேன். ஹைட்ரேஞ்சியா பக்கத்துல மூணு இஞ்ச்ல நின்னுடுச்சு, இழுத்துப் பார்த்தா நுனியில ஒட்டின மண்ணு மாவா உதிருது, ஐஸ் இல்ல, முழுக்க வறட்சி. துலிப் இருக்கிற நடு இடம் பரவால்ல. சுவரை ஒட்டி பாக்ஸ்வுட்கிட்ட ரெண்டு இஞ்ச் கூட போகல, அங்கதான் ரொம்ப மோசம்.

பூவாளியில மெதுவா ஊத்தினேன், முதல் வாளி அப்படியே மேல ஓடிடுச்சு, மண்ணு தண்ணியை ஏத்துக்கவே இல்ல. அஞ்சு நிமிஷம் விட்டு விட்டு ஊத்தினப்புறம்தான் குடிக்க ஆரம்பிச்சுது, கொர்ருனு சத்தமே கேட்டுச்சு. ஒவ்வொரு செடிக்கும் ரெண்டு வாளி குடுத்தேன். புது ரோஜா ரெண்டையும் நகத்தால கீறிப் பார்த்தேன், ரெண்டுலயும் பச்சை இருக்கு. மல்லி இலைக்கு அடியில நூலாம்படை இருந்துச்சு நிலாமுற்றம் அம்மா, நீங்க சொன்ன காகிதத்துல தட்டினா தூசி நடக்குது! ராத்திரியே ஷவர் குடுத்துட்டேன்.

ரெண்டு சந்தேகம். சுவரோரம் மட்டும் ஏன் அவ்வளவு காஞ்சிருக்கு? அப்புறம் தெற்குப் பக்கமா துலிப் நுனி இப்பவே ஒரு இஞ்ச் எட்டிப் பார்க்குது, குளிர் இன்னும் மூணு மாசம் இருக்கே, அது அவ்வளவுதானா?

வேர்க்கால்:

சுவரோரம் கூரை நீட்டிக்கிட்டு இருக்கும், மழை ஸ்னோ எதுவுமே அங்க விழாது. வெயில் பட்டுச் சுவர் சூடேறி அந்த மண்ணை இன்னும் காய வைக்கும். அதனால அந்த மூணு பாக்ஸ்வுட்டையும் தனிக் கணக்கா வச்சுக்குங்க, மத்த இடம் ஈரமா இருந்தாலும் அங்க குத்திப் பார்த்து ஊத்துங்க.

துலிப்புக்கு ஒண்ணும் ஆகாது. எட்டிப் பார்க்கறது இலை நுனிதான், பூமொட்டு இன்னும் கீழ கிழங்குக்குள்ள பத்திரமா இருக்கு. நுனி கொஞ்சம் கருகும், அவ்வளவுதான். மேல ரெண்டு கை சருகு போட்டு விடுங்க, வெயில் நேரா மண்ணுல படாம இருந்தா அவசரப்படறது குறையும். துலிப்போட காட்டு வகையில நிறைய மத்திய ஆசியாவுல தியான்ஷான் மாதிரி மலைப்பக்கம் இருக்கிறது, குளிர்ல உறைஞ்சு கோடையில வறண்டு கிடக்கிற இடம். சொல்லப்போனா அதுக்குக் குளிர் தேவை, பன்னெண்டு வாரத்துக்கு மேல நல்ல குளிர்ல இருந்தாத்தான் தண்டு நீளமா வந்து ஒழுங்கா பூக்கும். உங்க தோட்டத்துல இந்தக் குளிருக்குன்னே பிறந்த செடி அதுதான். கேட்மின்ட், ரஷ்யன் சேஜ், தாடி ஐரிஸ், சீடம், யாரோ (Yarrow), பென்ஸ்டமன், இதெல்லாமும் வறட்சி குளிர் ரெண்டையும் தாங்கும், வசந்தத்துல செத்த இடத்துக்கு எதாவது வைக்கணும்னா இதுல பாருங்க.

ரோஜாமுள்:

பச்சை இருக்குன்னு படிச்சதுமே சந்தோஷமாயிடுச்சு. தண்ணி குடுத்தாச்சு இல்ல, இன்னும் ரெண்டு நாள்ல மண்ணைக் குமிச்சிடுங்க.

ஒண்ணு கேக்க மறந்துட்டேன், தண்ணியை ஹோஸ்லயா எடுத்தீங்க? அப்படின்னா இப்பவே போய் குழாயில இருந்து கழட்டிடுங்க. நான் ஒரு தடவை ஊத்தி முடிச்சு மாட்டினது மாட்டினபடியே விட்டுட்டேன், ஹோஸ்ல நின்ன தண்ணி ராத்திரி உறைஞ்சு, அது குழாய் வரைக்கும் அடைச்சு, சுவருக்குள்ள பைப் வெடிச்சிடுச்சு. எனக்கு அது தெரியவே இல்ல, அடுத்த தடவை குழாயைத் திறந்தப்போ வீட்டுக்குள்ள தண்ணி. ஹோஸைக் கழட்டி சரிவுல நீட்டி தண்ணியை வடிச்சுச் சுருட்டி உள்ள வச்சிடுங்க.

பூந்தளிர்:

ஐயோ, ஹோஸ் இன்னும் மாட்டித்தான் இருக்கு! வாளியை அதுலதான் நிரப்பினேன். மணி நாலாகுது, இன்னும் உறைய ஆரம்பிக்கல, இதோ போறேன்.

கழட்டி வடிச்சு உள்ள வச்சுட்டேன்ங்க. திரும்பி வர்றப்போ அப்படியே குனிஞ்சு ஹைட்ரேஞ்சியா கொப்பைப் பார்த்தேன், நுனியில மொட்டு குண்டா ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு இருக்கு, பதினொண்ணு எண்ணினேன். நாளைக்குக் கம்பி வலை கட்டிடறேன்.